மாங்காய், கழுதை, குடை

புவனகிரியில் துணிக்கடை வைத்திருக்கும் என் பெரியப்பாவைப் புதுமைக்கு எதிரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2016இல் வந்த யூபிஐயைக் கொஞ்ச நாள் முறைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். ராகவேந்திரர் அவதரித்த ஊர் என்பதால் கர்நாடகத்திலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் பக்தர்கள் வருவார்கள். அவர்கள் துண்டு வாங்கிவிட்டுச் செல்போனை நீட்டியதும் கல்லாவில் கியூஆர் அட்டை ஏறிவிட்டது.

அந்தத் தைரியத்தில்தான் சென்னையில் இருக்கும் அவர் மகன், "அப்பா, கிரிப்டோ வாலட் ஒண்ணு தொடங்குங்க" என்றான். தொடங்கிவைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

செயலியைத் திறந்ததும் வாலட்டின் சாவியாகப் பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வந்தன. காகிதத்தில் வரிசை மாறாமல் எழுதி வைக்க வேண்டும், யாரிடமும் காட்டக்கூடாது, தொலைத்தால் பணம் போச்சு என்றது. இவை 2048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து வருபவை. ஜப்பானியம், கொரியம், ஏன், செக் மொழியில்கூட அதிகாரபூர்வப் பட்டியல் உண்டு. தமிழில் கிடையாது. ஆகவே பெரியப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேங்கோ, டாங்கி, அம்ப்ரெல்லா என்று தமிழ் எழுத்தில் எழுதினார்.

எட்டிப் பார்த்த பெரியம்மா, "மாங்கா சரி, கழுதை எதுக்கு?" என்றார். ரகசியம் அத்துடன் தீர்ந்தது.

கிரிப்டோவுக்குப் பின்னால் இருக்கும் பிளாக்செயினை நான் விளக்கினேன்: ஒரே கணக்கை உலகம் முழுக்கப் பல கணினிகள் வைத்திருக்கும், ஒருத்தர் மட்டும் திருட்டுத்தனமாகத் திருத்த முடியாது.

"நல்ல ஏற்பாடுதானே. அதுக்கு நான் ஏன்டா டாங்கின்னு எழுதணும்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. சடோஷி நகமோட்டோ 2008இல் பிட்காயின் கட்டுரையை வெளியிட்டதிலிருந்து யாரும் இதற்குப் பெரியப்பாவுக்குப் புரிகிற மாதிரி பதில் சொன்னதாகவும் தெரியவில்லை.

காகிதம் பாம்புப் பஞ்சாங்கத்துக்குள் போனது. சித்திரை பிறந்தால் பழைய பஞ்சாங்கம் எடைக்குப் போகும் வீடு அது. வேல்ஸில் நியூபோர்ட் ஊர்க்காரர் ஜேம்ஸ் ஹவல்ஸ் சுமார் 8000 பிட்காயினின் சாவி இருந்த ஹார்ட் டிஸ்க்கை 2013இல் குப்பைக்கு அனுப்பிவிட்டு, கிடங்கைத் தோண்ட விடுங்கள் என்று நீதிமன்றம் வரை போனார். 2025 ஜனவரியில் வழக்கு தள்ளுபடியானது. எங்கள் ஊர்ப் பழைய பேப்பர்காரரையும் அந்த அளவுக்கு அலையவிட வேண்டாமே!

அடுத்த இடி, கட்டணம். கையில் வேறு டோக்கன் எவ்வளவு இருந்தாலும், அதை ஈத்தீரியம் என்னும் பிளாக்செயினில் அனுப்பும் கூலிக்கு அதன் நாணயமான ஈதர் தனியாக வாங்கி வைத்திருக்க வேண்டும். "மொய் எழுத வந்தவன்கிட்ட, கவர் மட்டும் டாலர்லதான் வாங்கணும்கிற மாதிரி இருக்கு" என்றார் பெரியப்பா. லாபத்துக்கு 30 சதவீத வரி, நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது என்று நான் சொன்னபோது அவர் ஏற்கெனவே துணி மடிக்கத் தொடங்கியிருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் பேத்தி பிளாக்செயினைப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறாள். இ-சேவையில் வாங்கிய சாதிச் சான்றிதழ் அவள் போனில், தமிழக அரசின் இ-பெட்டகம் செயலியில் இருக்கிறது. அதன் அடியில் ஓடுவது 'நம்பிக்கை இணையம்' என்னும் அரசின் பிளாக்செயின். 2020இலேயே அரசு இதற்கொரு கொள்கை வெளியிட்டது. அவளிடம் பிளாக்செயின் என்று சொன்னால், "அது தாத்தா விட்டுட்டாரே, அதுதானே?" என்கிறாள். இ-பெட்டகத்தில் மாங்காயும் இல்லை, கழுதையும் இல்லை. அங்கே சாவியை அரசு பார்த்துக்கொள்கிறது, இங்கே பெரியப்பாவே பூட்டுக்காரர் என்பது நியாயமான வித்தியாசம்தான். ஆனால் பூட்டுக்காரருக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

செய்ய முடியாத காரியமும் இல்லை. 2025 மே மாதம் ஈத்தீரியத்தில் வந்த பெக்ட்ரா மாற்றத்துக்குப் பிறகு, சாதாரணக் கணக்குக்கும் கட்டணத்தை வேறொருவர் கட்டலாம். கைரேகையால் திறக்கும் வாலட்டுகளும் வந்துவிட்டன.

எனவே, வாலட் செய்யும் தம்பிமார்களே, தங்கைமார்களே! சிதம்பரத்தில் பஸ் ஏறினால் கீரப்பாளையம் தாண்டி, வெள்ளாற்றுப் பாலம் கடந்தால் புவனகிரி. உங்கள் செயலியைப் பெரியப்பா கையில் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். அடுத்த வாடிக்கையாளர் படியேறுவதற்குள் அவர் கணக்குத் தொடங்கிவிட்டால் உலகத்துக்கு வெளியிடுங்கள். இல்லையென்றால் ஒரு வேட்டி வாங்கிக்கொண்டு ஊருக்குத் திரும்புங்கள். ஜிபே உண்டு.