பர்லியாரில் கொதிப்பு, ஊட்டியில் நடுக்கம்

பழைய கார் வைத்திருப்பவருக்கு வைத்தியர்களுக்குப் பஞ்சமே வராது. பானெட்டைத் தூக்கி நிறுத்தினால் போதும், டீக்கடை பெஞ்சு காலியாகிவிடும். ஏசி காற்று சில்லென்று வரவில்லையா? "கேஸ் தீர்ந்துருச்சுங்க, அடிக்கோணும்." எஞ்சின் சூடேறுகிறதா? "ஹெட் கேஸ்கட் போயிருக்கும், ஹெட்டத் தூக்கிரோணும்." இந்த இரண்டு வாக்கியங்களை வைத்துக்கொண்டே ஒருவர் ஆயுள் முழுக்க வண்டி நிபுணராக வாழ்ந்துவிடலாம்.

கோவையில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவரிடம் தொண்ணூறுகளில் வாங்கிய மாருதி 800 இருக்கிறது. 1983-ல் சாலைக்கு வந்து, 2014-ல் உற்பத்தி நின்றுபோன குலத்தின் கார்புரேட்டர் வாரிசு. மூன்று சிலிண்டர், 796 சிசி, சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று வியாதி. கோவை வெயிலில் ஏசி சத்தம் போடும், காற்று வராது. மலையேறினால் பர்லியார் தாண்டுவதற்குள் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும். எப்படியோ ஊட்டி போய்ச் சேர்ந்து ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று அடிக்கும்.

"கேஸ் அடிச்சுட்டா மூணும் சரியாயிரும் மச்சான்" என்றார் மைத்துனர். ஹீட்டருக்கும் கேஸுக்கும் என்ன சம்பந்தம் என்று வாத்தியார் கேட்டதற்கு, "எல்லாம் ஒரே பைப்புதானே" என்று பதில் வந்தது.

விடையை முதலில் எழுதிவிட்டு வழிமுறையைப் பிறகு தேடும் பையன்களுக்கு முட்டை போட்டே பழகியவர் வாத்தியார். ஆகவே காசு செலவில்லாத சோதனைகளில் இருந்து ஆரம்பித்தார்.

முதலில் காது. ப்ளோயரில் சத்தமும் இல்லை, காற்றும் இல்லை என்றால் ஃபியூஸையோ மோட்டாரையோ பார்க்க வேண்டும். கடைசி வேகத்தில் மட்டும் ஓடினால் ரெசிஸ்டர் எரிந்திருக்கிறது. குறைந்த வேகங்களுக்கெல்லாம் மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. சத்தம் பலமாக இருந்தும் காற்று வராவிட்டால் வழியில் ஏதோ அடைத்திருக்கிறது. வாத்தியாரின் வண்டி மூன்றாம் ரகம். அது தினமும் தூங்குவது வீட்டு வேப்ப மரத்தடியில். வெளிக்காற்று உள்ளே போகும் சல்லடை வைப்பருக்குக் கீழே இருக்கிறது. இந்தக் காலத்துக் கார்களில் இருக்கும் கேபின் ஃபில்டர் அந்தக் காலத்து வண்டியில் கிடையாது. டேஷ்போர்டு பெட்டியைக் கழற்றி ப்ளோயரை இறக்கியபோது வேப்பிலைச் சருகும் பூவுமாக ஒரு படி தேறியது. கூடவே, எலி ஒன்று பழைய கால்பரீட்சை விடைத்தாள்களைக் கடித்துக் குதறி மெத்தை போட்டிருந்தது. வாத்தியார் திருத்தியதைவிட முழுமையாகத் திருத்தியிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஏசியின் கூலிங் காயில் தகடுகளுக்கிடையே தூசி களிம்பாகப் படிந்திருந்தது. மெல்லிய பிரஷும் தண்ணீரும் போதுமாக இருந்தன. காற்று முகத்தில் அறைந்தது. கேஸ் குறையவே இல்லை.

அடுத்தது கை. ஹீட்டர் என்பது தனி அடுப்பு எதுவும் இல்லை. எஞ்சினைச் சுற்றிவந்த சுடுதண்ணீர் டேஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது. ப்ளோயர் அதன்மேல் காற்றை ஊதுகிறது, அவ்வளவுதான். அதற்குப் போகும், வரும் ஹோஸ் இரண்டையும் தொட்டுப் பார்த்தால் பாதி ரகசியம் வெளியே வந்துவிடும். ஒன்று சூடு, ஒன்று குளிர்ச்சி என்றால் உள்ளே அடைப்பு, அல்லது வால்வு மூடியிருக்கிறது. இரண்டும் சுட்டும் காற்று குளிர்ந்தால் கேபிளோ கதவோ மக்கர். வாத்தியாரின் வண்டியில் இரண்டுமே வெதுவெதுப்பு. ஊட்டியின் சமதளச் சாலையில் ஓடும்போது எஞ்சினே சூடாகவில்லை என்று அர்த்தம்!

பர்லியாரில் கொதிக்கிற எஞ்சின் ஊட்டியில் எப்படிக் குளிரும்? தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தால், காலி. முன்பு எப்போதோ வண்டி சூடாகிறது என்று ஒரு மெக்கானிக்கிடம் போனபோது, "நம்மூரு வெயிலுக்கு இது எதுக்குங்க சார்" என்று அவர் பிடுங்கி எறிந்திருக்கிறார். தமிழ்நாட்டில் இந்த அறுவை சிகிச்சைக்கு ஆளாகாத பழைய வண்டிகள் குறைவு. தெர்மோஸ்டாட்டுக்குள் இருப்பது மெழுகு. தண்ணீர் 82 டிகிரியையோ 88-ஐயோ எட்டும்போது அது உருகி விரிந்து, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கிறது. அதுவரை எஞ்சினைச் சூடேற விடுகிறது. அது இல்லாவிட்டால் எஞ்சின் சூடேற நேரமாகும், பெட்ரோல் வீணாகும், ஹீட்டர் பெயருக்கு மட்டும் இருக்கும்.

புதிதாக வாங்கியதை வாத்தியார் ரசப் பாத்திரத்து வெந்நீரில் போட்டுச் சோதித்தார். "இன்னிக்கு இதுதான் கொழம்பா?" என்றார் மனைவி. வால்வு திறந்தது. ரசப் பாத்திரம் மட்டும் அன்றிலிருந்து கார் ஷெட்டில்தான் இருக்கிறது.

மலையேற்றக் கொதிப்புக்குக் காரணம் வேறு. சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேனைச் சந்தேகிக்க வேண்டும். ஓடும்போதும் ஏறினால் ரேடியேட்டரில் அடைப்பு. சிறுவாணித் தண்ணீர் குடிக்கிற குடும்பத்துக் கார் என்று வாத்தியாருக்குப் பெருமை உண்டு. ஆனால் சர்வீஸ் ஸ்டேஷனில் அதற்கு ஊற்றியதெல்லாம் போர்த் தண்ணீர். குழாய்களில் உப்பு படிந்து கிடந்தது.

இன்னொரு குற்றவாளி ரேடியேட்டர் மூடி. 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கொதிநிலை 115 டிகிரியை ஒட்டிப் போகிறது. ரப்பர் இறுகிப்போன மூடி வெறும் அலங்காரம். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, மூடியை மாற்றி, கூலன்ட் ஊற்றியபின் முள் பாதியில் நின்றது. ஹெட்டைத் தூக்கவில்லை.

மலைப்பாதையில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுக்கத் திறந்துவிடும் பழைய டிரைவர்களின் வித்தை உண்மையிலேயே வேலை செய்யும். எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இருப்பவர்கள் தலையில் இறங்கும். சித்திரை வெயிலில் கண்ணாடியை இறக்கிவிட்டு, உறவினர்களை வேகவைத்தபடி மலையேற மன உறுதி வேண்டும். எந்த நிலையிலும் சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது; முகத்தில் பீறிடும் ஆவி ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும்.

மூக்குக்கு வாத்தியார் வீட்டில் வேலை வரவில்லை. உங்கள் வண்டிக்குள் இனிப்பு வாடை அடித்து, முன்கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படிந்தால் ஹீட்டர் ரேடியேட்டர் ஒழுகுகிறது. ஏசி போட்டபின் வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நோயல்ல. அது உள்ளே கால்மிதியில் தேங்கினால் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது.

பழைய வண்டிக்காரர்கள் அடுத்த சர்வீஸில் "தெர்மோஸ்டாட் உள்ள இருக்குங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். மெக்கானிக் தலையைச் சொறிந்தால், இல்லை என்று அர்த்தம்.