பாரிஸில் முதல் மாலை: கேள்வி-பதில்

மலேசியாவின் லாபிஸ் வட்டாரத்திலிருந்து தனியாக ஐரோப்பா புறப்படும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலானவை பாரிஸைப் பற்றியவை. அதிலும், போய் இறங்கும் முதல் மாலையைப் பற்றியவை.

கல்லூரி மாணவி, லாபிஸ்: மாலை நாலு மணிக்கு பாரிஸில் இறங்குகிறேன். ஈஃபிள் கோபுரம், லூவர், சேன் நதிப் படகு மூன்றையும் அன்றே முடித்துவிடலாமா?

முடிக்கலாம், கூடவே நீங்களும் முடிந்துபோவீர்கள். கோடையில் பாரிஸ் நம்மைவிட ஆறு மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் ஏழு. அங்கே மாலை ஆறு என்றால் உங்கள் உடம்புக்கு நள்ளிரவு. அந்த நேரத்தில் மோனாலிசாவே எதிரில் வந்தாலும் கொட்டாவிதான் வரும். முதல் மாலைக்கு மூன்று வேலை போதும்: விடுதியைச் சுற்றி நடங்கள், சூடாகச் சாப்பிடுங்கள், ஒன்பது மணிவரை விழித்திருந்து படுங்கள். லூவர் புதனும் வெள்ளியும் இரவு ஒன்பது வரை திறந்திருக்கும், செவ்வாய் விடுமுறை. ஈஃபிள் கோபுரம் இருட்டியபின் ஒவ்வொரு மணிக்கும் ஐந்து நிமிடம் மின்னும். மறுநாளும் மின்னும்.

தாதி, சிகாமட்: இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடு என்கிறார் அப்பா. சரிதானே?

எந்த மாதத்து இருட்டு என்று அப்பாவிடம் கேளுங்கள். நம் ஊரில் ஆண்டு முழுக்க ஏழு மணியையொட்டிப் பொழுது சாய்கிறது. பாரிஸில் ஜூன் மாதம் ஏறக்குறைய பத்து மணிக்கு. டிசம்பரில் ஐந்துக்கு முன்பே. இருட்டைப் பார்க்காதீர்கள், ஆள் நடமாட்டத்தைப் பாருங்கள். கடை திறந்து, குடும்பங்கள் போய்வரும் தெருவில் தாராளமாக நடக்கலாம். வெறிச்சோடிய தெரு என்றால் பகலிலும் திரும்பிவிடுங்கள்.

வாசகர், பெக்கோக்: புது ஊரில் முதல் ஆபத்து திருடன்தானே?

இல்லை தம்பி, சாலை. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடும். நாம் கடக்கும்போது முதலில் வலப்பக்கம் பார்த்தே பழகியவர்கள். அங்கே முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும். தூக்கக் கலக்கத்தில் இதுதான் மறந்துபோகும். திருடனுக்கு இரண்டாம் இடம். மெட்ரோ கதவோரம் நின்று கைப்பேசியைப் பார்க்காதீர்கள். சாக்ரே கேர் தேவாலயத்தின் அருகே கையில் நூல் கட்ட வருபவரிடம் கையை நீட்டாதீர்கள். கட்டிவிட்டுக் காசு கேட்பார்கள். அவசர உதவிக்கு 112.

வாசகி, குளுவாங்: முதல் இரவே ரொட்டியும் சீஸுமா? நம் சாப்பாடு கிடைக்காதா?

லா ஷப்பல் இருக்கும்போது என்ன கவலை? விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் கார் து நோர் நிலையத்துக்கு வரும். அங்கிருந்து சில நிமிட நடைதான். தமிழில் பெயர்ப்பலகை, தோசை, கொத்து ரொட்டி, புடவைக் கடை எல்லாம் உண்டு. இலங்கைப் போரிலிருந்து தப்பி வந்த தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. பக்கத்திலேயே 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம். கோடை முடிவில் அதன் தேர் பாரிஸ் தெருவில் ஓடுகிறது. "அண்ணே, ஒரு தோசை" என்று வாய்விட்டுக் கேளுங்கள், பயத்தில் பாதி போய்விடும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அங்குள்ள பலர் இந்நகரில் முதல் மாலையைத் திரும்பிப் போகும் டிக்கெட் இல்லாமல் கழித்தவர்கள்.

வாசகர், யோங் பெங்: பிரெஞ்சு ஒரு சொல்கூடத் தெரியாது. எப்படிச் சமாளிப்பது?

மூன்று சொல் போதும். கடைக்குள் நுழைந்ததும் "போன்ஜூர்", மாலையானால் "போன்சுவார்". வணக்கம் சொல்லாமல் விலை கேட்டால் அங்கே மரியாதைக் குறைவு. உணவகத்தில் "கராஃப் தோ" என்றால் குழாய்த் தண்ணீர் இலவசமாக வரும். பல உணவகங்களில் இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு மேல்தான். மாமாக் கடைபோல எந்நேரமும் அடுப்பு எரியாது. சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும்.

ஆசிரியர், சாஆ: நம்மவர்களில் இப்படித் தனியாகச் சுற்றிய முன்னோடி யார்?

ஏ.கே. செட்டியார். 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் போகும் கப்பலில், காந்தியைப் பற்றிப் படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு வந்தது. நாடு நாடாக அலைந்து படச்சுருள்களைத் தேடிச் சேர்த்தார். 1940இல் படம் வெளியானது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று நூல் எழுதியவரும் அவரே. கைப்பேசி வரைபடம் இல்லாத காலத்தில் அவருக்கு வழிகாட்டியது கேட்கும் வாய்தான். உங்களுக்கும் அது இருக்கிறது.

ஒரு தாய், லாபிஸ்: மகள் தனியாகப் போகிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை.

உங்கள் கவலை நியாயமானது அம்மா. கோடையில் அவள் அங்கே இரவு ஒன்பதுக்கு அறை திரும்பும்போது இங்கே விடியற்காலை மூன்று. அவளிடம் இரண்டு செய்தி மட்டும் கேளுங்கள்: விமானம் இறங்கியதும் ஒன்று, அறைக் கதவைப் பூட்டியதும் ஒன்று. நடுவில் அழைக்காதீர்கள், ஒவ்வொரு அழைப்புக்கும் அவள் தெருவில் நின்று கைப்பேசியை வெளியே எடுக்க வேண்டிவரும். சுற்றுலாவுக்கு மலேசியர்களுக்கு விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் தங்கலாம். ஆனால் 2025 அக்டோபரிலிருந்து எல்லையில் கைரேகையும் முகப்படமும் பதிகிறார்கள். வரிசை நீளலாம், வெளியே வரத் தாமதமானால் பதறாதீர்கள். பாஸ்போர்ட் நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். இங்கத்திய மூன்று முனைச் செருகி அங்கே பொருந்தாது; இரட்டை உருளை முனை மாற்றியை அவள் பையில் வையுங்கள். கைப்பேசிக்குச் சார்ஜ் இருந்தால்தான் உங்களுக்குச் செய்தி வரும்.

பிள்ளைகளே, அந்த இரண்டாவது செய்தியை அனுப்பாமல் படுக்காதீர்கள். பெற்றோரே, தோட்டத்து எல்லையைத் தாண்டாமலே உழைத்து ஓய்ந்த பாட்டிகள் நம் வீடுகளில் உண்டு. அவர்களின் பேத்தி முன்பின் தெரியாத நகரில் இறங்கி, வழி கேட்டு, சாப்பிட்டு, பத்திரமாகத் தூங்கி எழுவது நம் குடும்பங்களின் வெற்றி. தைரியமாக அனுப்பி வையுங்கள்.