படுத்திருக்கும் சர்வர் அவர்களுக்கு, மட்டிப்பழத்துடன்

மாண்புமிகு சர்வர் அவர்களே,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நலமில்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை பதினொன்றே காலுக்கு, “சர்வர் படுத்துட்டு” என்று சேவை மையத்துப் பிள்ளை சொன்னதும் வரிசையில் நின்ற அத்தனை பேரும் “இன்னைக்குமா?” என்றோம். எங்கள் ஊரில் ஒருவர் படுத்துவிட்டார் என்றால் வெறுங்கையோடு பார்க்கப் போகும் வழக்கமில்லை. எனவே கருங்கல் சந்தையில் ஒரு சீப்பு மட்டிப்பழம் வாங்கினேன். பச்சைக் குழந்தைக்கே மசித்துக் கொடுக்கிற பழம். உங்கள் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. சான்று வாங்குவதில் மட்டிக்கு இருக்கிற யோகம் எங்கள் அம்மைக்கு இல்லை.

அம்மைக்கு 72 வயது. 31 வருஷம் அண்டி ஆபீசில் வேலை. ஆபீஸ் என்றதும் மின்விசிறிக்கு அடியில் நாற்காலி என்று நினைத்துவிடாதீர்கள். தரையில் குந்தியிருந்து, சாம்பலில் கையைத் தோய்த்துத் தோய்த்து, வறுத்த முந்திரிக்கொட்டையை ஒவ்வொன்றாகத் தல்லுகிற ஆபீஸ் அது. தோட்டில் ஊறும் எண்ணெய் தோலைத் தின்னும். விரல் முதலில் கறுக்கும், பிறகு உரியும், கடைசியில் புளியங்கொட்டை மாதிரி வழுவழுவென்று ஆகிவிடும். அதற்குப் பிரதிபலனாக மாதம் 1,000 ரூபாய் ஓய்வூதியம். 2014-ல் நிர்ணயித்த குறைந்தபட்சத் தொகை. அது நிற்காமல் வரவேண்டுமானால் வருஷத்துக்கு ஒருதரம் ‘நான் சாகவில்லை’ என்று உங்களிடம் சொல்ல வேண்டும். வாயால் சொன்னால் நீங்கள் ஏற்பதில்லை, விரலால் சொல்ல வேண்டும்.

பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. தேங்காயெண்ணெய் தடவி வைத்தோம், சேலைத் தலைப்பில் துடைத்து வைத்தோம், பிள்ளை தன் கையால் அழுத்திப் பிடித்தும் பார்த்தது. “பாட்டிக்கு ரேகையே இல்லியே” என்றது, கொஞ்சம் சத்தமாக.

“எனக்க ரேகை அண்டி ஆபீசில கெடக்கு மக்ளே. போய் எடுத்துட்டு வரட்டா?”

வரிசை சிரித்தது. அம்மை சிரிக்கவில்லை.

விரல் போனால் முகம் இருக்கிறதே. 2021-ல் அந்த வசதியையும் செய்து வைத்திருக்கிறீர்கள். செல்போனை அம்மையின் மூக்குக்கு நேராக நீட்டி, “கண்ணை மூடித் திறங்க பாட்டி” என்றது பிள்ளை. புரை அறுவை செய்த கண். ஒருதரம், நாலுதரம், ஏழுதரம் மூடித் திறந்தாள். பின்னாலிருந்து ஒரு பையன், “பாட்டி, சர்வருக்குக் கண்ணடிக்காதீங்க” என்றான். எட்டாவது தரம் வட்டம் பச்சையாகிச் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் தாங்கள் படுத்தது.

பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அம்மை வலது கையைச் சேலைத் தலைப்புக்குள்ளேயே வைத்திருந்தாள்.

மன்னிக்க வேண்டும், நோயாளியிடம் இதையெல்லாம் பேசக் கூடாது. ஒரு பழம் உரித்துக்கொள்ளுங்கள்.

எந்த வைத்தியரும் முதலில் குடும்பச் சரித்திரம் கேட்பார். உங்கள் வகையறாவில் இது பரம்பரை வியாதி என்றே தோன்றுகிறது. மத்தியப் பிரதேசத்துத் தார் மாவட்டத்தில் 2000-ல் பிறந்த ஞான்தூத் என்ற கிராமத்துக் கணினி மையச் சேவை, அதே வருஷம் ஸ்டாக்ஹோம் விருது வாங்கிய மகராசன். பிற்பாடு அந்தக் கணினி மையங்களைத் தேடி வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். நம் மதுரைப் பக்கம் மேலூரில் 2001-ல் உங்கள் பெரியப்பா ஒருவர் இருந்தார். சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் கம்பியில்லா இணைப்பில், கிராமத்திலிருந்தே சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் தாலுகா ஆபீசுக்கு விண்ணப்பம் போனது. ஜனங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தார்கள். அக்கறைப்பட்ட அதிகாரி மாற்றலாகிப் போனார், பெரியப்பா படுத்தார், எழுந்திருக்கவில்லை. ஆய்வாளர்கள் ராஜேந்திர குமாரும் மைக்கேல் பெஸ்ட்டும் 2006-ல் இதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார்கள். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்து ரிச்சர்ட் ஹீக்ஸ் அதற்கும் முன்னால், 2003-லேயே, வளரும் நாடுகளில் உங்கள் சொந்தபந்தங்களின் ஜாதகத்தைக் கணித்துவிட்டார்: 100-ல் 35 பிறந்த உடனே போச்சு, 50 அரைகுறை, 15 மட்டும் தேறும். தாங்கள் அந்த 50-ல் ஒருவர் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். சாகவும் இல்லை, எழுந்து உட்காரவும் இல்லை.

காரணம் கண்டுபிடிக்க மான்செஸ்டர் வரை போக வேண்டாம். உங்களுக்குத் திறப்புவிழா நடத்த நாள் பார்க்கிறார்கள், கல்வெட்டில் பெயர் பொறிக்கிறார்கள். படுத்தால் யாரைக் கூப்பிடுவது என்று அந்தக் கல்லில் ஒரு போன் நம்பர் கிடையாது. நீங்கள் மயங்கும்போதெல்லாம் முகத்தில் தண்ணீர் தெளிப்பது யார் தெரியுமா? அந்தப் பிள்ளைதான். தன் சொந்த செல்போனில் சொந்தக் காசுக்கு நெட் போட்டு உங்களை எழுப்புகிறது. ஒரு விண்ணப்பம் முடிந்தால்தான் அதற்குப் பங்கு. நீங்கள் படுத்த நாளில் அதற்குக் கிடைப்பது எங்கள் ஏச்சு.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஓர் ஆதாரம் இருக்கிறது. ஆதார் அல்ல, ஆதாரம். திருவிதாங்கூர்க் காலத்திலிருந்தே இந்தப் பக்கம் கிரயப் பத்திரத்துக்கு அதுதான் பெயர். கொல்லம் ஆண்டு 1115-ல் மலையாளத்தில் எழுதியது. ராஜா போனார், 1956 நவம்பர் 1-ல் ஜில்லாவே தமிழ்நாட்டோடு சேர்ந்தது, கரையான் ஒரு மூலையைத் தின்றது. அதன் அடியில் பாட்டியின் பெருவிரல் ரேகை, கறுப்பு மையில், சுழி சுழியாக இன்றைக்கும் தெரிகிறது. யாரும் அதைப் பாட்டியின் ரேகை இல்லை என்று சொன்னதில்லை. அவள் மகளின் விரல், இரத்தமும் சூடுமாக உங்கள் முன்னால் வந்து நிற்கிறது. உங்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

2017-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது நாள்கணக்கில் கரண்டு இல்லை. அப்போது நீங்கள் படுத்திருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டோம். இப்போது என்ன புயல்? மூன்று தரம் வந்தோம். மூன்று தரமும் உயிரோடு வந்தவள் அவள், படுத்துக் கிடந்தது நீங்கள். சான்று மட்டும் அவள் தர வேண்டுமா? உங்களுக்கெல்லாம் வெட்கம் என்று ஒன்று கிடையாதா?

மறுபடியும் மன்னிக்க வேண்டும். உடம்பு சரியில்லாதவரிடம் குரலை உயர்த்திவிட்டேன். வரும் செவ்வாய் காலை ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் கூடுவதற்குமுன் தங்களுக்குச் சற்றுத் தெம்பு இருக்குமாம். சுக்குக் காப்பி கொண்டுவரலாமா என்று அம்மை கேட்கிறாள். நிஜமாகவே கேட்கிறாள். சர்வர் என்றால் வயசான ஓர் ஆபீசர் என்றுதான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

தங்கள் உண்மையுள்ள,
டோக்கன் 43,
கருங்கல்.

பி.கு.: மட்டிப்பழத்தை எதிர்பார்க்க வேண்டாம். மணி ஒன்றாகியும் அந்தப் பிள்ளை காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்து, சீப்போடு அதன் மேசையில் வைத்துவிட்டாள் அம்மை.