தவணை தப்பினால்

பாலிசிதாரர் ஒருவர் பிரீமியம் கட்டத் தவறினால், சலுகை நாட்கள் முடிந்ததும் பாலிசி காலாவதி. கம்பெனியே தடுமாறினால்? அதற்கு ஆண்டுக்கணக்கில் சலுகை நாட்கள்.

சஹாரா ஆயுள் காப்பீட்டைப் பாருங்கள். 2017 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அங்கே நிர்வாகியை உட்கார வைத்தது. அடுத்த மாதமே வியாபாரத்தை ஐ.சி.ஐ.சி.ஐ. புருடென்ஷியலிடம் ஒப்படைக்கச் சொன்னது. 2018 ஜனவரியில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதை ரத்து செய்தது. 2023 ஜூனில் மாப்பிள்ளை மாறினார்: சுமார் 2 லட்சம் பாலிசிகள் எஸ்.பி.ஐ. லைஃபுக்கு என்று உத்தரவு. இரண்டே வாரத்தில் அதற்கும் தடை! பாலிசிதாரரை மட்டும் யாரும் பெண் பார்த்துச் சம்மதம் கேட்கவில்லை.

கையெழுத்துப் போடுமுன் கம்பெனியின் சால்வென்சி விகிதம் (பாக்கிகளை அடைக்கும் திறன்) 150 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜெண்ட் தரும் காலண்டரில் அது இருக்காது.