செட்டிபாளையத்துச் சுற்று நேரம்: நெருப்பெரிச்சலிலிருந்து ஓர் ஆய்வுரை

மோட்டார் பந்தயச் சுற்றின் நேரத்தை வானத்திலிருந்து அளப்பது சரியா, தரைக்கு அடியிலிருந்து அளப்பது சரியா என்னும் வினாவைத் தமிழ் ஆய்வுலகம் ஏனோ கண்டுகொள்ளவில்லை. குறுந்தொகைக்கு உரை எழுதியவர்கள் உண்டு. பந்தயத் தளத்து ரிசல்ட் ஷீட்டுக்கு உரை எழுத ஆளில்லை. இக்குறையைப் போக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம் திருப்பூரின் வடபுறத்து நெருப்பெரிச்சல். இங்கே பந்தயத் தளம் கிடையாது என்பது ஒரு தடையாகக் கருதப்படவில்லை. பனியன் கம்பெனிகள் இருக்கின்றன, சம்பளம் சனிக்கிழமை ராத்திரி கைக்கு வருகிறது, மறுநாள் லீவு. விடிகாலையில் பைக்கை எடுத்தால் கோவைக்குத் தெற்கே செட்டிபாளையம் எட்டிவிடும் தூரம்தான்.

அங்கிருப்பது கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரு சுற்று ஏறக்குறைய 2.1 கி.மீ. மாருதி இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரை உருவாக்கிய கோவைக்காரர் எஸ். கரிவரதனின் நினைவாக வைத்த பெயர். அவர் 1995இல் மறைந்தார். 2005இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் அதே ஊர்தான். ஆகவே வினாடியின் நூறில் ஒரு பங்குக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது கொங்கு நாட்டுக்குப் புதிதல்ல.

சர்ச்சையின் மூலபாடம் வருமாறு. செக்கிங் செக்‌ஷன் தம்பி ஒருவருக்கும் நிட்டிங் செக்‌ஷன் தம்பி ஒருவருக்கும் பிரியாணிப் பந்தயம். ஒரே பைக்கை மாறி மாறி ஓட்டினார்கள். தளத்தின் டிரான்ஸ்பாண்டர் ஷீட்டில் நிட்டிங் தம்பிக்கு 1:27.410, செக்கிங் தம்பிக்கு 1:27.440. பெட்ரோல் டேங்க் மேல் ஒட்டியிருந்த போனிலோ செக்கிங் தம்பிக்கு 1:27.374. ஷீட்டின்படி தோல்வி, போனின்படி வெற்றி. திங்கட்கிழமை காலை வழக்கு கட்டிங் மாஸ்டரின் மேஜைக்கு வந்தது.

“ஏனுங்க மாஸ்டர், சாட்டிலைட்டு பொய் சொல்லுங்களா?”

“சாட்டிலைட்டு சொல்லாது கண்ணு. நீ சொல்லுவ.”

இத்தீர்ப்பு முன்முடிவு உடையது என்பதால் ஆய்வு தொடர்ந்து நடத்தப்பட்டது.

முதலில் தரைக் கட்சி. தளத்தின் குறுக்கே தாரைக் கீறி, சுமார் இரண்டடி இடைவெளியில் ஒரு கம்பியைப் போக வர ஓட்டிப் புதைத்துவிடுகிறார்கள். அதை லூப் என்பார்கள். வண்டியில் கட்டும் டிரான்ஸ்பாண்டர் உள்ளங்கைக்குள் அடங்கும் பெட்டி; தன் எண்ணை ஓயாமல் சொல்லிக்கொண்டே போகும். லூப்பைக் கடக்கும்போது சிக்னல் ஏறி இறங்குகிற விதத்தைப் பார்த்து, நடுவில் வந்த கணம் எது என்று டவரில் இருக்கும் டீகோடர் முத்திரை குத்துகிறது. பிழை ஆயிரத்தில் சில பங்கு வினாடிதான். உலகத்தில் அதற்குத் தெரிந்த இடம் அந்த ஒரே கோடு. மற்ற 2,099 மீட்டரில் நீங்கள் விழுந்தீர்களா, எழுந்தீர்களா, நின்று போன் பேசினீர்களா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. நெருப்பெரிச்சலில் இதற்கு நிகரான கருவி கம்பெனி கேட் வாட்ச்மேனின் நோட்டு. கேட்டைத் தாண்டினால்தான் எழுதுவார். ஒரு வித்தியாசம்: அவருடைய நோட்டில் எல்லா வண்டியும் 10.00, 10.15, 10.30 என்றுதான் வந்துசேரும்.

டிரான்ஸ்பாண்டர் கட்சிக்காரர்கள் மறைக்கும் ஓர் உண்மையையும் பதிவு செய்ய வேண்டும். அது வண்டியை அளப்பதில்லை, பெட்டியை அளக்கிறது. பெட்டியை சீட்டுக்கு அடியில் கட்டினால் முன்சக்கரம் கோட்டைத் தொட்டு ஒரு மீட்டர் போன பிறகுதான் அதற்கு விஷயம் தெரியும். சுற்று நேரத்துக்கு இதனால் கேடில்லை; தொடக்கத்திலும் அதே தாமதம், முடிவிலும் அதே தாமதம், கழித்தால் போய்விடும். இரண்டு வண்டி ஒட்டி உரசிக்கொண்டு ஃபினிஷ் ஆகும்போதுதான் வம்பு. அதனால்தான் பெட்டியை எங்கே கட்டவேண்டும் என்று பந்தய விதியிலேயே எழுதுகிறார்கள்.

இனி வானக் கட்சி. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் அணுக் கடிகாரங்களைச் சுமந்து சுற்றுகின்றன. அங்கே கடிகாரம் தரையில் இருப்பதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் இடக் கணக்கு ஒரே நாளில் 11 கி.மீ. அளவுக்குத் தவறும். எனவே திருத்திவைத்திருக்கிறார்கள். ஆக, நேரம் தெரிவதில் இதற்கு இணை கிடையாது. தகராறு இடத்தில்தான். வினாடியைக் கோடியில் பங்கு போடத் தெரிந்த கருவிக்கு, தான் டீக்கடைக்கு இந்தப் பக்கம் நிற்கிறதா அந்தப் பக்கம் நிற்கிறதா என்று உறுதியாகச் சொல்லத் தெரியாது. வெட்டவெளியில்கூட இரண்டு மூன்று மீட்டர் தள்ளிக் காட்டும்.

இதை உள்ளூரிலேயே சோதிக்கும் பொருட்டு டி.வி.எஸ். எக்ஸ்.எல். ஒன்று ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டது. முன்னால் கட் பீஸ் பண்டல், பின்னால் கட் பீஸ் பண்டல், நடுவில் ஓட்டுநர், அவர் சட்டைப்பையில் போன். சுற்று: கேட்டில் வைத்த கோட்டில் தொடங்கி, கட்டிங்கிலிருந்து பவர் டேபிள் ஜாப் ஒர்க், அங்கிருந்து காஜா பட்டன், அயர்னிங், மறுபடி கேட். தகர ஷீட் போட்ட கொட்டகைக்குள் வண்டி நுழைந்ததும் மேப்பில் இருந்த புள்ளி பக்கத்துக் காம்பவுண்டுக்குக் குடிபோய்விட்டது. வண்டி மணிக்கு 36 கி.மீ., அதாவது வினாடிக்கு 10 மீட்டர் போனால் மூன்று மீட்டர் பிழை 0.3 வினாடியாகிவிடுகிறது. மெதுவாகப் போகப் போக நேரப் பிழை பெருகும் என்னும் நுட்பம் இங்கே புலனாகிறது. உச்சகட்டம் டீ டைமில் நிகழ்ந்தது. வண்டி கேட் ஓரம் சும்மா நிற்க, புள்ளி மட்டும் கோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உலாவி, ஓட்டுநர் பஜ்ஜி தின்றுகொண்டே சுற்றுகளை முடித்துக்கொண்டிருந்தார். குறைந்தபட்சச் சுற்று நேரம் என்று ஒன்றை ஆப்பில் போட்டு வைப்பது இதற்காகத்தான்.

செட்டிபாளையத்தில் கொட்டகை இல்லை, வேகமும் கூடுதல். கோட்டருகே மணிக்கு 144 கி.மீ. என்று வைத்துக்கொள்வோம், வினாடிக்கு 40 மீட்டர். ஒரு மீட்டர் 0.025 வினாடி, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி 4 செ.மீ. சாதாரண போன் வினாடிக்கு ஒருமுறை இடம் பார்க்கிறது. இரண்டு புள்ளிக்கு நடுவே 40 மீட்டர்! 10 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்குப் பத்து முறை பார்க்கும் கருவி என்றால் 4 மீட்டர்; 25 ஹெர்ட்ஸ் என்றால் 1.6 மீட்டர். கருவி விற்பவர்கள் ஹெர்ட்ஸைக் காட்டித்தான் விலை சொல்கிறார்கள். இவ்வாய்வாளரின் கருத்தில் அது பாதி உண்மை. கோட்டுக்கு முன்னால் ஒரு புள்ளி, பின்னால் ஒரு புள்ளி, இரண்டுக்கும் நடுவே ஒரே வேகம் என்று வைத்துக்கொண்டால் கடந்த கணத்தைக் கணக்குப் போட்டே எடுத்துவிடலாம். அரை ஜி அளவுக்குப் பிரேக் பிடித்துக்கொண்டே கடந்தால்கூட, 10 ஹெர்ட்ஸில் வரும் கணக்குப் பிழை ஒரு சென்டிமீட்டரைத் தொடாது. ஒரு ஹெர்ட்ஸில் 60 செ.மீ. வரும், 0.015 வினாடி. 10 ஹெர்ட்ஸுக்குமேல் பணம் கொடுப்பது பனியனுக்கு லைனிங் வைப்பது.

அந்த இரண்டு மூன்று மீட்டர் இடப்பிழை என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அது நிமிடத்துக்கு நிமிடம் தாவாது, மெல்ல நகரும். ஒன்றரை நிமிடத்தில் அதே கோட்டுக்குத் திரும்பி வரும்போது பிழையின் பெரும்பகுதி அப்படியே இருக்கும்; கழித்தலில் அடிபட்டுப் போகும். அரை மீட்டர் மிஞ்சினால் 0.0125 வினாடி. இதிலும் ஓர் அழகு உண்டு: ஒரு சுற்றின் முடிவுதான் அடுத்த சுற்றின் தொடக்கம். முதல் சுற்றில் திருடிய நேரத்தை இரண்டாம் சுற்றில் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். இந்த வாரம் வாங்கிய அட்வான்ஸை அடுத்த சனிக்கிழமை பிடித்துக்கொள்வது போல. எத்தனை சுற்றைக் கூட்டினாலும் முதல் கோட்டுப் பிழையும் கடைசிக் கோட்டுப் பிழையும்தான் மிஞ்சும்.

அப்படியானால் செக்கிங் தம்பியின் ஷீட்டுக்கும் போனுக்கும் இடையிலான 0.066 வினாடி எங்கிருந்து வந்தது? அரை மீட்டர் பிழையால் அவ்வளவு வராது. விடை போனுக்குள் இருந்தது. கோட்டை அவரே மேப்பில் விரலால் தொட்டு வைத்திருக்கிறார். விரல் தடிமன், கோடு லூப்பைத் தாண்டி 50 மீட்டர் தள்ளி விழுந்துவிட்டது. ஆகவே லூப் அளந்தது ஒரு சுற்று, போன் அளந்தது வேறு சுற்று. 2,050 மீட்டர் பொது. 50 மீட்டர் மட்டும் வேறு. லூப், சுற்றின் ஆரம்பத்தில் அவர் தயங்கி 38 மீட்டர் வேகத்தில் போன 50 மீட்டரைச் சேர்த்துக்கொண்டது: 1.316 வினாடி. போன் அதை விட்டுவிட்டு, அடுத்த முறை தைரியம் வந்து 40 மீட்டர் வேகத்தில் அதே இடத்தைத் தாண்டியதைச் சேர்த்துக்கொண்டது: 1.250. வித்தியாசம் 0.066. இரண்டு கருவியும் சத்தியவான்கள்.

இனி பின்னங்களைப் பற்றி. நெருப்பெரிச்சலில் எந்த மெர்ச்சன்டைசரும் மார்பளவு 52.374 செ.மீ. என்று எழுதமாட்டார். 52 என்று எழுதி, பக்கத்தில் கூட்டல் கழித்தல் 1 என்று டாலரன்ஸ் போடுவார். டாலரன்ஸ் போடாத அளவுப் பட்டியலைத் திருப்பி அனுப்பும் ஊரில் பிறந்துவிட்டு, ஆப் காட்டிய மூன்று இலக்கத்தை வேதவாக்காக எடுத்துக்கொள்வது முறையா? பெரிய இடத்திலும் இது நடந்திருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் 400 மீட்டர் தனிநபர் மெட்லி நீச்சலில் ஸ்வீடனின் குன்னர் லார்சன் 4:31.981, அமெரிக்காவின் டிம் மெக்கீ 4:31.983. ஆயிரத்தில் இரண்டு பங்கில் தங்கம் கைமாறியது. அந்த வேகத்தில் அது 3 மில்லிமீட்டர். நீச்சல் குளத்தின் ஒவ்வொரு தடத்தையும் 3 மில்லிமீட்டர் பிசகாமல் எந்தக் கொத்தனார் கட்டுவார்? பிறகு நீச்சலில் நூறில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். மோட்டார் பந்தயக்காரர்கள் நிறுத்தவில்லை. 1997 அக்டோபரில் ஸ்பெயினின் ஹெரெஸ் தளத்தில் ஃபார்முலா ஒன் ஓட்டுநர்கள் வில்நெவ், ஷூமாக்கர், ஃப்ரென்ட்சன் மூவரும் தகுதிச் சுற்றில் 1:21.072 என்று அச்சு அசலாக ஒரே நேரம் எடுத்தார்கள். முதலில் எடுத்தவர் வில்நெவ் என்பதால் முதலிடம் அவருக்குப் போனது.

இவ்வளவும் மாஸ்டர் முன் சமர்ப்பிக்கப்பட்டது. அவர் துணியை லே போட்டுக்கொண்டே கேட்டார். தீர்ப்பு வாய்மொழியாகவே வழங்கப்பட்டது: உன் நேரத்தை உன் பழைய நேரத்தோடு ஒப்பிடவும், எந்த வளைவில் விட்டாய் என்று பார்க்கவும் போன் போதும்; வளைவைப் பார்ப்பது லூப்பால் முடியவே முடியாது. இன்னொருத்தனோடு காசு வைத்தால் ஷீட்தான், ஏனென்றால் கோடு இரண்டு பேருக்கும் ஒன்று. 0.03 வினாடி டிரான்ஸ்பாண்டர் டாலரன்ஸுக்கு மேலே; நிட்டிங் பாஸ்.

“அப்ப போன்ல நான் ஜெயிச்சது பொய்யிங்களா?”

“பொய்யில்ல கண்ணு. அடுத்த சுத்துல ஓட்டுனத இந்தச் சுத்துல அட்வான்ஸா வாங்கிட்ட.”

தம்பி சற்று நேரம் நின்று யோசித்துவிட்டு, பிரியாணிக்கு ஒரு அட்வான்ஸ் கிடைக்குங்களா என்று கேட்டார். மாஸ்டர் கணக்குப்பிள்ளை ரூமைக் கை காட்டினார்.