நூறு ரூபாய்க்குப் பத்தாயிரம்

கேள்வி: கலைஞர் படம் போட்ட நூறு ரூபாய் நாணயத்தைக் கொடுத்து பிரியாணி சாப்பிட முடியுமா?
- ஷூ கம்பெனித் தொழிலாளி, ஆம்பூர்

பதில்: சட்டப்படி அதுவும் பணம்தான், தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் 2024 ஆகஸ்டில் ராஜ்நாத் சிங் சென்னையில் வெளியிட்ட அந்த நாணயத்தை அண்ணா அறிவாலயத்தில் 10,000 ரூபாய்க்கு விற்றார்கள். பாக்கி 9,900 ரூபாயைக் கல்லாவில் கேட்டுச் சண்டை போடாதீர்கள்.

கேள்வி: அத்தனையும் சுத்த வெள்ளியா?
- நகைக்கடை வாசல், குடியாத்தம்

பதில்: 35 கிராமில் பாதிதான் வெள்ளி. 40 சதவீதம் செம்பு, மீதி நிக்கலும் துத்தநாகமும். விலையில் பெரும்பங்கு தலைவருக்கு.

கேள்வி: பத்து ரூபாய் காயினை நம்ம பக்கம் தொடவே மாட்டேன் என்கிறார்களே?
- பஸ் பயணி, பேரணாம்பட்டு

பதில்: விழாவுக்கு ஒரு முகம், ஆண்டுவிழாவுக்கு ஒரு முகம் என்று அடித்துத் தள்ளியதன் பலன். பத்துக் கோடு போட்டது நல்லது, பதினைந்து கோடு போட்டது கள்ளக்காசு என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஜனங்கள் காசைத் திருப்பித் திருப்பிக் கோடு எண்ணினார்கள். 14 டிசைனும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி சொல்லியாயிற்று. கடைக்காரருக்கும் அது தெரியும். தன்னிடமிருந்து அடுத்தவர் வாங்கமாட்டார் என்பதும் தெரியும்.

கேள்வி: அப்படிச் சேர்ந்த சில்லறையை மூட்டையாகக் கட்டித் தோல் பில் அடைத்தால்?
- டேனரிக்காரர், வாணியம்பாடி

பதில்: 2011 நாணயச் சட்டப்படி ஆயிரம் ரூபாய் வரைதான் காசாக வாங்கக் கட்டாயம். அதற்கு மேல், எதிராளியின் பொறுமையைப் பொறுத்தது.

கேள்வி: நாணயம் என்றால் டெல்லி, மும்பை என்கிறார்கள். நம்ம பக்கத்துக்கு ஒரு பெருமையும் இல்லையா?
- கல்லூரி மாணவி, ராணிப்பேட்டை

பதில்: பாலாற்றைத் தாண்டினால் ஆற்காடு. ஒரு காலத்தில் அந்தப் பேரை நம்பித்தான் தென்னாட்டு வியாபாரமே நடந்தது. பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் அடித்த ரூபாயிலும் ஆற்காடு, சென்னையில் கம்பெனிக்காரர் அடித்ததிலும் ஆற்காடு! பிறை இருந்தால் பாண்டி, தாமரை இருந்தால் சென்னை என்று கண்டுபிடிக்க வேண்டும். அதைவிட வேடிக்கை, காசில் இருந்த பாதுஷா பேர். இரண்டாம் ஆலம்கீர் 1759இலேயே கொல்லப்பட்டார். அரை நூற்றாண்டு கழித்தும் கம்பெனி அவர் பேரில், அதே ஹிஜ்ரி 1172 என்ற பழைய ஆண்டைப் போட்டு இயந்திரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நினைவஞ்சலி என்று நினைத்துவிடாதீர்கள். பழகின அச்சை மாற்றினால் சந்தையில் வாங்க யோசிப்பார்கள். பேரணாம்பட்டுப் பயணி கவனிக்க.

கேள்வி: துக்ளக் தோலில் நாணயம் அடித்தாராமே? நமக்கு எத்தனை ஆர்டர் வந்திருக்கும்!
- தோல் வியாபாரி, மேல்விஷாரம்

பதில்: அவர் அடித்தது பித்தளையிலும் செம்பிலும். தோல் கதை இன்னொருவருடையது. 1539இல் சௌசா போரில் தோற்று ஆற்றில் தத்தளித்த ஹுமாயூனைக் காப்பாற்றிய நிஜாம் என்ற தண்ணீர்க்காரர், பரிசாகச் சிறிது நேரம் அரியணையில் உட்கார்ந்தார். அந்த அவசரத்தில் தன் தோல்பையை வெட்டி நாணயம் போட்டார் என்பார்கள். கதைதான். ஆனாலும் ஆட்சிக்கு வந்ததும் சொந்தத் தொழிலைக் கவனித்த மனிதர்!

கேள்வி: நேருவுக்கு 1964இல், காந்திக்கு 1969இல் நாணயம் போட்டார்கள். வேலூர் புரட்சிக்கு?
- கோட்டை வாசி, வேலூர்

பதில்: 2006இல் தபால்தலையோடு முடித்துக்கொண்டார்கள். 1806 ஜூலை 10 கலகத்துக்குத் தூண்டுதலே சிப்பாய்களின் புதுத் தலைப்பாகையில் வைத்த தோல் குஞ்சம். நாணயம் போடுவதானால் யார் முகத்தைப் போடுவது? அப்போது கோட்டையில் சிறையிருந்த திப்புவின் மகனையா? செத்த சிப்பாய்களை உட்காரவைத்து யாரும் படம் வரையவில்லை. தோல் குஞ்சத்தையே போடலாம் என்பது என் கட்சி.

கேள்வி: காமராஜர் ஐந்து ரூபாய் இருக்கிறது. லட்சம் தருகிறேன், முதலில் கமிஷன் அனுப்பு என்று போன் வருகிறது.
- குடும்பத் தலைவி, திருப்பத்தூர்

பதில்: 2021இலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்த மோசடி. கமிஷனை லட்சத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். போன் தானாகக் கட் ஆகும்.

கேள்வி: உங்களுக்குப் பிடித்த நினைவு நாணயம்?
- தலைமையாசிரியர், காட்பாடி

பதில்: பெட்டியில் பட்டுத்துணி மேல் படுத்திருக்கும் நூறு ரூபாய் வேண்டாம். 2009இல் வந்த அண்ணா ஐந்து ரூபாய் போதும். அதில் தமிழில் அவர் கையெழுத்து இருக்கிறது. நோட்டு மாதிரி இல்லை, காசில் கவர்னர் கையெழுத்துக்கு இடம் கிடையாது. ‘ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்குக் கவர்னர் எதற்கு’ என்று கேட்ட அவரே சிரித்திருப்பார்.