பெரட்டுக்களத்தில் மெய்யும் பொய்யும்: ஓர் ஆராய்ச்சி

1854-இல் ஜார்ஜ் பூல் மனிதச் சிந்தனையை 1, 0 என்ற இரண்டுக்குள் அடக்கப் பார்த்தார். பிரேசில் ரப்பர் கன்று மலாயாக் கரைக்கு வராத காலம் அது. ஆகையால் செக்ரோல் எனும் வருகைப் பதிவுப் புத்தகத்தை அவர் பார்த்திருக்க வழியில்லை. இவ்வாய்வின் கருதுகோள் இதுதான்: எதைக் கொடுத்தாலும் மெய் அல்லது பொய் என்று மாற்றிக்கொள்ளும் பழக்கத்துக்கு, 1995-இல் பத்தே நாளில் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியை எழுதிய பிரண்டன் ஐக்கைப் பழிப்பது தவறு. நெகிரி செம்பிலான் ரப்பர்த் தோட்டங்களின் கணக்கர்களான கிராணிமார் அதில் முன்னோடிகள்.

ரந்தாவ் லின்சம் ஆகட்டும், போர்ட்டிக்சன் சுவா பெத்தோங் ஆகட்டும், விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு. ஒருவர் பாதிக் காய்ச்சலும் மீதி திருவிழாத் தூக்கமுமாக வந்து நிற்கிறார். கிராணிக்கு அந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். ஆள் உண்டா, இல்லையா? ஜாவாஸ்கிரிப்டும் இதே குணம். காலியில்லாத எந்தச் சொல்லும் அதற்கு மெய். மேற்கோள் குறிக்குள் ‘ஃபால்ஸ்’ என்று எழுதி நீட்டினாலும் மெய்யே. நிரைக்குப் போய் மரத்தடியில் சாயப்போகிறவரும் பெரட்டில் மெய்தான். அரை நாள் சம்பளம் என்று ஒன்று உண்டே எனக் குறுக்கிடுவோர் எஸ்கியூஎல் படிக்கட்டும். அங்கே ‘தெரியாது’ என்பதும் ஒரு விடை.

பெரிய வம்பு பூஜ்யத்தில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் 0 பொய். அதையே எழுத்தாக்கி ‘0’ என்றால் மெய். பிஎச்பி ‘0’ பொய் என்று சொல்லிவிட்டு, ‘0.0’ வந்தால் மெய் என்று தலையாட்டும். ரூபிக்கு வெறும் 0-வே மெய். மங்கு எனும் பால்கிண்ணத்தில் மழைநீர் கலந்த ரப்பர்ப் பாலை வாளியோடு தூக்கி வந்தால் தராசும் இப்படித்தான், கனத்தைப் பார்த்து மெய் என்றுவிடும். ஆனால் ஸ்டோரில் மெட்ரோலாக் என்ற மிதவை காத்திருக்கிறது. நல்ல பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உலர்ந்த ரப்பர். தண்ணீர் கூடினால் மிதவை எழும்பிக் காட்டிக்கொடுக்கும். வகைக் கட்டுப்பாடு இறுகிய மொழி எப்படியிருக்கும் என்று கேட்கும் மாணவர்களுக்கு அந்த மிதவையைக் காட்டினால் போதும்.

1923-இன் தொழிலாளர் சட்டம் இன்னும் சுவையானது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்தவேண்டும். 9 பொய், 10 மெய். மலாயாவில் எழுதப்பட்ட மிகச் சுத்தமான நிபந்தனை வாக்கியம் என்பேன். எண்ணில் இத்தனை கறாராக இருந்த சட்டம், பள்ளி என்ற சொல்லில் கோட்டைவிட்டது. ஒரு கொட்டகை, எழுத்தறிந்த ஒரு கங்காணி அல்லது கிராணி: பல தோட்டங்களில் அதுவே பள்ளி. காலியாக இல்லை, ஆகவே மெய். துரைமார் ஜாவாஸ்கிரிப்டை நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

எஞ்சியது வெற்றுப் பட்டியல் சிக்கல். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் எனும் குடியிருப்புகள் எழுந்த இடங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெயர்ப்பலகையில் தோட்டத்தைக் குறிக்கும் ‘லாடாங்’ ஒட்டிக்கொண்டிருக்கிறது. உள்ளே தோட்டமும் இல்லை, லயமும் இல்லை. உறுப்பில்லாத பட்டியலைப் பைத்தானும் பிஎச்பியும் பொய் என்கின்றன. ஜாவாஸ்கிரிப்டோ பிடிவாதமாக மெய் என்கிறது. அந்த மொழியை நான் பாராட்டும் ஒரே இடம் இது.